பூவும் அக்கம்பக்கமும்



அழைப்பிதழில் 'தேனீ' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, பெட்டியில் தேனீ வளர்ப்பது பற்றிப் பேசுவேன் என்று வந்தவர்கள் இருந்தால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டித் தேனீக்கு ஆள் இருக்கிறது, கடன் இருக்கிறது, மானியம்கூட இருக்கிறது. நான் பேச வந்திருப்பது கேட்பாரில்லாத தேனீக்களைப் பற்றி.

முதலில் ஒரு கேள்வி. இங்கே எத்தனை பேர் சின்ன வயதில் இட்லிப் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சியிருக்கிறீர்கள்? பாதிக்கு மேல் கை தூக்குகிறீர்கள். சந்தோஷம். அப்படியானால் என் வேலை சுலபம். இட்லிப் பூவின் இதழ்களுக்குக் கீழே குச்சிபோல நீளமாக ஒரு குழல் இருக்கும். தேன் அந்தக் குழலின் அடிமட்டத்தில் இருக்கும். நாம் நடுவில் இருக்கிற நரம்பை மெல்ல இழுத்து, அதன் நுனியில் ஒட்டி வருகிற ஒரு துளியை நக்குவோம். நமக்கு விரல் இருக்கிறது, இழுத்துவிட்டோம். ஒரு தேனீ என்ன செய்யும்? அதன் நாக்கு குழலைவிடக் குட்டையாக இருந்தால், தேன் கண்ணுக்கெதிரே இருந்தும் எட்டாது. வண்ணத்துப்பூச்சியும் அந்திப்பூச்சியும் நீளமான உறிஞ்சுகுழலை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடும்.

இந்த நாக்குக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இங்கிலாந்துக்குப் போகலாம்.

அங்கே புல்வெளிகளில் சிவப்பு குளோவர் என்று ஒரு செடி உண்டு. நம் கொள்ளு, பயறு குடும்பம்தான். மூன்று மூன்று இலையாக இருக்கும். பூ என்று நாம் பார்ப்பது உண்மையில் நூறு பூக்கள் சேர்ந்த ஓர் உருண்டை. அதிலிருந்து ஒரே ஒரு பூவைக் கிள்ளி எடுத்தால், அடிப்பக்கம் வெளுத்த சின்னக் குழல். அதைக் கடித்தால் இனிக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகளும் நம்மைப்போலத்தான் உறிஞ்சுகிறார்கள். குழலின் நீளம் ஏறக்குறைய 9, 10 மில்லிமீட்டர். பெட்டியில் வளர்க்கிற ஐரோப்பியத் தேனீயின் நாக்கு 6 மில்லிமீட்டரைச் சுற்றி. கணக்கு ஒத்துவரவில்லை அல்லவா? அந்தப் பூவுக்கென்று வேறு ஆட்கள் இருந்தார்கள். பம்பிள் தேனீக்கள்.

பம்பிள் தேனீ நம் தென்னிந்திய மலைகளில் இல்லை. இமயமலைக்குப் போனால் பார்க்கலாம். நம் கருவண்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கம்பளிச் சட்டை போட்டுவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். குளிர் தேசத்துத் தேனீ. வசந்தத்தில் ராணி மட்டும் தனியாக மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வருவாள். பழைய எலிவளை ஒன்றைப் பிடித்து, தானே தேன் சேர்த்து, தானே அடைகாத்து, முதல் ஈடு வேலைக்காரிகளை வளர்த்தெடுப்பாள். கோடை முடிவில் புது ராணிகள் பிறப்பார்கள். பழைய ராணி, வேலைக்காரிகள், ஆண்கள் எல்லாரும் குளிர் தொடங்குமுன் செத்துப்போவார்கள். கருவுற்ற புது ராணிகள் மட்டும் மண்ணுக்குள் உறங்கப் போவார்கள். பெட்டித் தேனீயைப்போல மாதக்கணக்கில் தேனைச் சேர்த்து வைக்கிற வழக்கம் இவற்றுக்குக் கிடையாது. கூட்டில் இருப்பு சில நாளைக்குத்தான். அன்றாடம் காய்ச்சிகள். வசந்தம் முதல் கோடை முடிவு வரை நடுவில் இரண்டு வாரம் பூ இல்லாமல் போனால் குடும்பமே முடிந்தது.

இந்த இனங்களில் ஒன்றுக்குக் 'குட்டைமுடி பம்பிள் தேனீ' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர். பம்பஸ் சப்டெரேனியஸ் என்பது அறிவியல் பெயர். இனிமேல் குட்டைமுடி என்றே சொல்கிறேன். முடிதான் குட்டை, நாக்கு நீளம். தெற்கு இங்கிலாந்து முழுக்க ஒரு காலத்தில் பரவலாக இருந்த தேனீ இது.

இதற்கு ஒரு கப்பல் பயணம் உண்டு. நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேய விவசாயிகள் மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனமாகச் சிவப்பு குளோவர் விதைத்தார்கள். செடி செழித்தது, பூத்தது, விதை மட்டும் பிடிக்கவில்லை. விதையை இங்கிலாந்திலிருந்து தருவித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தீவுகளில் குழலுக்குள் நாக்கை விட ஆளில்லை. ஆகவே ஆளை வரவழைக்க முடிவு செய்தார்கள். அப்போதுதான் உறையவைத்த ஆட்டிறைச்சியை நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு ஏற்றிவரக் குளிர்ப்பதனக் கப்பல்கள் ஓடத் தொடங்கியிருந்தன. உறக்கத்தில் இருக்கும் ராணித் தேனீக்களை அந்தக் குளிரிலேயே வைத்து ஏற்றினார்கள். 1885 தொடக்கத்தில் இரண்டு கப்பல்களில் போன 500-க்கும் மேற்பட்ட ராணிகளில் உயிரோடு இறங்கியவை 100-க்கும் குறைவு. அவ்வளவு போதுமாக இருந்தது. பிறகும் ஒரு முறை அனுப்பினார்கள். நான்கு இனங்கள் அங்கே நிலைத்தன. குளோவர் விதை பிடித்தது. அந்த நான்கில் நம் குட்டைமுடியும் ஒன்று. இது பின்னால் தேவைப்படும்.

இதற்கு முன்பே, 1859-இல், டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இதே பூவைப் பற்றி ஒரு சங்கிலியைச் சொல்லியிருந்தார். பூனை அதிகமானால் எலி குறையும். எலி பம்பிள் தேனீயின் கூட்டைக் கலைக்கும் பிராணி. ஆகவே எலி குறைந்தால் தேனீ பெருகும், தேனீ பெருகினால் குளோவர் பெருகும். கேட்கும்போது கிழவிக் கதைபோல இருக்கும். ஆனால் அவர் சொல்ல வந்தது பெரிய விஷயம். ஒரு வயலில் எந்தப் பூ பூக்கும் என்பதைப் பக்கத்துக் கிராமத்தில் எத்தனை பூனை இருக்கிறது என்பதும் தீர்மானிக்கலாம்.

சங்கிலியின் அடுத்த கண்ணியை டார்வின் பார்த்திருக்க முடியாது. அது டிராக்டர்.

விளக்குகிறேன். அந்தக் கால ஆங்கிலப் பண்ணையில் ஏர் இழுத்தது குதிரை. குதிரைக்குக் குளிர்காலத் தீவனம் காய்ந்த புல். இதை நாம் வைக்கோல் என்று மொழிபெயர்த்துவிடுகிறோம், அது தப்பு. வைக்கோல் நெல் அறுத்த மிச்சம். இது, புல்லும் பூச்செடியும் சேர்ந்து வளரவிட்டு, கோடை நடுவில் ஒரே ஒரு முறை அறுத்து, வெயிலில் காயவைத்து அடுக்குவது. அறுப்பு வரை யாரும் அந்த வெளிக்குள் மாட்டை விடுவதில்லை. ஆகவே மாதக்கணக்கில் அங்கே பூ. அதோடு, மண்ணுக்குத் தழைச்சத்து வேண்டுமென்று பயிர்ச் சுழற்சியில் ஒரு பருவம் குளோவர் விதைப்பார்கள். நாம் கொழுஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுவதுபோல.

20-ஆம் நூற்றாண்டில் ஹேபர் முறையில் காற்றிலிருந்து உரம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். குளோவர் தேவையில்லாமல் போயிற்று. டிராக்டர் வந்தது, குதிரை போயிற்று, குதிரையோடு காய்ந்த புல்லின் தேவையும் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் மேய்ச்சல் நிலங்களையும் உழுது போட்டார்கள். அப்போது அவர்கள் நிலையில் நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் போர் முடிந்தும் கலப்பை நிற்கவில்லை. மிஞ்சிய புல்வெளிகளில் உரம் போட்டு, பூ வருமுன்பே மே மாதத்திலிருந்து திரும்பத் திரும்பப் பச்சையாக அறுத்து, காற்றுப் புகாமல் மூடி, நம் கால்நடைத் துறைக்காரர்கள் 'ஊறுகாய்ப் புல்' என்று சொல்கிறார்களே, அதைப் போட ஆரம்பித்தார்கள். கணக்கெடுத்துப் பார்த்தபோது, 1930-களுக்கும் 1984-க்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் தாழ்நிலப் பூம்புல்வெளிகளில் 97 விழுக்காடு போய்விட்டது என்று தெரிந்தது.

உரம் போட்டால் புல் வளரும், பூ ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். ரோதாம்ஸ்டெட் என்ற இடத்தில் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் 1856-இல் ஒரு புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உரம் போட ஆரம்பித்தார்கள். அந்தச் சோதனை இன்னும் நடக்கிறது. ஒன்றும் போடாத பாத்தியில் 40 வகைச் செடி அளவுக்கு இருக்கிறது. அம்மோனியம் சல்பேட்டை அள்ளிப் போட்ட பாத்திகள் சிலவற்றில் இரண்டு மூன்று வகைப் புல் மட்டும், இடுப்பளவு. யூரியா போட்டதும் வயல் கரும்பச்சை கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சையின் நிழலில் குட்டைச் செடி செத்துப்போகும். காட்டுப் பூக்களுக்கு ஏழை மண்தான் பிடிக்கும். விவசாயியின் கண்ணுக்கு மோசமான நிலம் எதுவோ, அதுதான் தேனீயின் கண்ணுக்கு விருந்து.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு செடியைச் சொல்லாமல் போக மனசில்லை. மஞ்சள் ராட்டில் என்று ஒரு கிலுகிலுப்பைச் செடி. புல்லின் வேரில் தன் வேரைச் சொருகிச் சத்தை உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. உறிஞ்சப்பட்ட புல் சோர்ந்து குட்டையாகும். அந்த இடைவெளியில் மற்றப் பூச்செடிகள் தலை நீட்டும். நெற்று முற்றினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் புல் அறுக்க நேரம் வந்துவிட்டது என்று பழைய விவசாயிகள் அரிவாளை எடுப்பார்களாம். அதே விவசாயிகள் புல்லைத் தின்கிறதே என்று அதைத் திட்டவும் செய்தார்கள். இப்போது புல்வெளியை மீட்கிறவர்கள் முதலில் விதைப்பது இந்தத் திருடனைத்தான்.

குட்டைமுடியைக் கடைசியாகப் பார்த்தது 1988-இல், கென்ட் மாவட்டக் கடற்கரையில் டஞ்சனெஸ் என்ற இடத்துக்குப் பக்கத்தில். கூழாங்கல்லாலான முனை அது. கலங்கரை விளக்கமும் அணுமின் நிலையமும் நிற்கிற, ஏர் ஏறாத நிலம். 2000-இல் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

சரி, பூ போனது, தேனீ போனது. இவ்வளவுதானா விஷயம்? அப்படியானால் ஒரு வேலி போட்டு, உள்ளே பூ விதைத்து, காவலுக்கு ஆள் போட்டால் தீர்ந்துவிடும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலும் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் ஊரைச் சுற்றி ஸ்டெஃபன்-டெவெண்டர் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. 15 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் நடுவில் நின்று, சுற்றி 250 மீட்டரில் தொடங்கி 3 கிலோமீட்டர் வரை வட்டம் வட்டமாக வரைந்து, அந்த வட்டத்துக்குள் எவ்வளவு இயற்கையான புல்வெளி, வேலிப்புதர், தரிசு இருக்கிறது, எவ்வளவு உழுத வயல் இருக்கிறது என்று அளந்தார்கள். நடுவில் பூவுக்கு யார் வருகிறார்கள் என்று எண்ணினார்கள். தனித்து வாழும் சிறு தேனீக்களின் எண்ணிக்கை 750 மீட்டருக்கு உட்பட்ட அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போனது. அதற்கு வெளியே என்ன இருந்தாலும் அவற்றுக்குப் பொருட்டில்லை. பெட்டித் தேனீயின் கணக்கோ 3 கிலோமீட்டர் வட்டத்தில்தான் பிடிபட்டது. நடுவிலிருந்த பூ ஒன்றுதான். விருந்தாளிகளின் பட்டியலை எழுதியது சுற்றுப்புறம்.

யோசித்தால் இது சாப்பாட்டுக்கடைக் கணக்குதான். பொரித்த மீன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நடந்து வருகிறவன் அரை மைலுக்குள் குடியிருக்க வேண்டும். பைக்கில் வருகிறவன் ஐந்து மைலிலிருந்தும் வருவான். சின்னத் தேனீ நடந்து வருகிற ஆள். மண்ணிலும் தண்டிலும் கூடு கட்டும் தனித் தேனீக்கள் பெரும்பாலும் 150-இலிருந்து 600 மீட்டருக்குள்தான் இரை தேடுகின்றன. பம்பிள் தேனீ கொஞ்சம் வசதியுள்ளது. ரோதாம்ஸ்டெட்டிலேயே 1990-களில் பம்பிள் தேனீயின் முதுகில் முடி போன்ற அலைவாங்கி ஒன்றை ஒட்டி, ராடாரில் பின்தொடர்ந்தார்கள். கூட்டுக்குப் பக்கத்திலேயே பூ இருந்தும், அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அப்பால் போய் மேய்ந்தவைதான் அதிகம். ஏன் என்பது தேனீக்கே வெளிச்சம். கீரைக்காரி வாசலுக்கு வந்தாலும் சந்தைக்குப் போய்த்தான் வாங்குவேன் என்கிற ஆட்கள் நம் வீடுகளிலும் உண்டு.

வட்டத்துக்குள் சாப்பாடு மட்டும் இருந்தால் போதாது, வீடும் வேண்டும். தனித் தேனீக்குப் புல் மூடாத, வெயில் படுகிற வெறும் மண் வேண்டும். பம்பிள் தேனீக்குப் பழைய எலிவளை வேண்டும். எலிக்கு அறுக்காமல் விட்ட முரட்டுப் புல் வேண்டும். மொழுமொழுவென்று சீராக வெட்டிய புல்தரையில் இதில் எதுவும் கிடைக்காது.

சாப்பாட்டிலும் ஒரு சூது இருக்கிறது. கனோலா எண்ணெய் எடுக்கிற கடுகினப் பயிரை ஐரோப்பாவில் ஏக்கர் ஏக்கராகப் போடுகிறார்கள். வசந்தத்தில் மூன்று நான்கு வாரம் கண் கூசுகிற மஞ்சள். அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் பம்பிள் தேனீ கூடுவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது கல்யாண வீட்டுச் சாப்பாடு. பந்தல் பிரித்த மறுநாளிலிருந்து என்ன செய்வது? அதுவும் கடுகுப் பூ வாய் திறந்த பூ, குட்டை நாக்குக்காரர்களுக்கே வசதி. ஆக, மஞ்சள் வயல்கள் சூழ்ந்த புல்வெளியில் தேனீக்களின் மொத்த எண்ணிக்கை குறையாமலே இருக்கலாம். எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று எழுதிவைத்துவிடலாம். யார் யார் என்று கேட்டால்தான் தெரியும், நீள நாக்குக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்று. எண்ணிக்கையை மட்டும் கேட்கிற அறிக்கைகளை நான் அதற்குப் பிறகு நம்புவதில்லை.

2017-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கக்கூடியது. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில், 27 ஆண்டுகளில், பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. எல்லாம் வேலிக்குள், பாதுகாப்புக்குள். அவற்றில் பெரும்பாலானவை நாலாபக்கமும் வயல் சூழ்ந்த சின்னத் தீவுகள். மற்றது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கிளேர் கார்வெல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இங்கிலாந்தில் பம்பிள் தேனீக்களின் மரபணுவை எடுத்து, இந்த ஆண்டு ராணி எந்தக் கூட்டில் பிறந்தவள், அவள் மகள்கள் யார், அடுத்த வசந்தத்தில் அந்த வம்சத்தில் யார் உயிரோடு எழுந்தார்கள் என்று குடும்ப மரம் போட்டார்கள். கூட்டைச் சுற்றி 250 மீட்டர் முதல் 1 கிலோமீட்டருக்குள் நல்ல பூ எவ்வளவு இருந்ததோ, அந்த அளவுக்கு வம்சம் தழைத்தது. ஊரில் ஜோசியர் சொல்வார்களே, வம்சம் விளங்கும், விளங்காது என்று. அதை ஒரு நிலப்படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

இனி டஞ்சனெஸுக்குத் திரும்புவோம்.

போன தேனீயைத் திரும்பக் கொண்டுவர ஒரு முயற்சி தொடங்கியது. எங்கிருந்து? நியூசிலாந்திலிருந்து! அன்று கப்பலேறிய குட்டைமுடியின் பேத்திகள் அங்கே தெற்குத் தீவில், ஐரோப்பாவிலிருந்து போன பூக்களிலேயே மேய்ந்துகொண்டு பிழைத்திருந்தன. நூற்றாண்டு கழித்துத் தாய்வீடு திரும்புகிறது என்றால் கேட்கவே இனிக்கிறதல்லவா? 2009-ஐ ஒட்டி முயன்றார்கள். உறக்கத்திலேயே ராணிகள் செத்தன. உலகத்தின் அந்தப் பாதியில் கோடை என்றால் இந்தப் பாதியில் குளிர், அதன் காலக்கணக்கைப் புரட்டிப்போடுவது லேசில்லை. மரபணுவைப் பார்த்தபோது, கப்பலேறிப் போனவற்றில் வாரிசு விட்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில ராணிகளே என்று தெரிந்தது. சொந்தத்துக்குள்ளேயே பெருகிய கூட்டம்.

பிறகு தெற்கு ஸ்வீடனில் ஸ்கோனே பகுதிக்குப் போனார்கள். அங்கே குட்டைமுடி நன்றாகவே இருந்தது. 2012 மே மாதம் சுமார் 50 ராணிகளை டஞ்சனெஸ் பறவைக் காப்பிடத்தில் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுகளிலும் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆனால் தேனீயைக் கொண்டுவருமுன் பல ஆண்டு அவர்கள் செய்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிக்கி காமன்ஸ் என்ற ஆய்வாளர் அந்தத் திட்டத்தின் பொறுப்பாளராக இருந்தார். காப்பிடத்துக்குள் பூ விதைத்ததோடு அவர் நிற்கவில்லை. ராம்னி சதுப்பு நிலத்து விவசாயிகளிடம் வீடு வீடாகப் போய்ப் பேசினார். வயலோரத்தில் நாலு அடி குளோவருக்கு விடுங்கள், இந்த வரப்பை ஜூனில் அறுங்கள், அந்த வரப்பைச் செப்டம்பரில் அறுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்து எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டார். செம்மறி ஆட்டை ஒரு துண்டில் முன்னாடி விடுவது, ஒரு துண்டில் பின்னாடி விடுவது, இப்படி. காப்பிடம் என்ற ஒரு புள்ளி, அதிலிருந்து தேனீ பறந்து எட்டுகிற தூரத்தில் அடுத்த பூ, அங்கிருந்து எட்டுகிற தூரத்தில் அதற்கடுத்தது. முதல் பூ முடிகிறபோது இரண்டாவது தொடங்கியிருக்க வேண்டும். நடந்து போகிறவர்களுக்குச் சத்திரம் கட்டியவர்கள் காதத்துக்கு ஒன்று என்று கட்டினார்களே, அந்தப் புத்தி.

2013-இல் குட்டைமுடியின் வேலைக்காரிகள் பூவில் தென்பட்டன. ராணிகள் கூடு வைத்ததற்கு அத்தாட்சி. எல்லாரும் கொண்டாடினார்கள். அதன்பின், அவ்வப்போது ஒன்றிரண்டு. நிலையாகக் குடியேறிவிட்டதாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. யாருக்காகப் பந்தி விரித்தார்களோ அந்த விருந்தாளி உட்காரவில்லை.

ஆனால் வேறு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாகக் கண்ணில் படாமலிருந்த ருடரேட்டஸ் என்ற பெரிய பம்பிள் தேனீ திரும்பத் தென்பட்டது. கீச்சென்ற மெல்லிய குரலில் ரீங்கரிக்கிற ஷ்ரில் கார்டர் தேனீ, பிரிட்டனில் அரிதிலும் அரிதானது, அதுவும் வந்தது. இவற்றை யாரும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவில்லை. எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தவை, வழியில் பூ இருந்ததால் வரப்பைப் பிடித்து வந்து சேர்ந்தன. ஒரு தேனீயைப் பெட்டியில் கொண்டுவந்து விட்டது தோற்றது, ஒரு வட்டாரத்தைச் சரிசெய்தது பலித்தது. பத்திரிகைகள் முதலாவதைத்தான் நிறைய எழுதின.

இதையெல்லாம் இந்த ஊரில் நின்றுகொண்டு ஏன் பேசுகிறேன்? காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் பூம்புல்வெளியை உழுது தீர்த்த அதே கண், நம் நீலகிரி, பழனிப் புல்வெளிகளைப் பார்த்து, மரம் இல்லாத வெட்டவெளி, வீண் நிலம் என்று எழுதிவைத்தது. கற்பூர மரமும் சீகையும் வந்தன. பின்னால் நாமும் விடவில்லை, ஆலைக்கு மரம் வேண்டும் என்று சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டோம். பழனி மலையை மட்டும் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து 2018-இல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. நடுவில் இன்னொரு வேடிக்கை. ஊட்டிக்கு வந்த ஆங்கிலேயர் ஊர் ஞாபகத்துக்காக கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூப்புதர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே அவை தேனீக்கு உறவு. இங்கே நம் புல்லை மூடிக்கொண்டு அடங்காமல் பரவுகின்றன. பூ நல்லதா கெட்டதா என்பதையும் அக்கம்பக்கத்தைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் மலைப் புல்வெளியின் அமைப்பு அவர்களுடையதைப்போல அல்ல. மேட்டில் புல், மடிப்புகளில் சோலை. அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அடுக்குத் தேனீ சோலை மரத்துப் பொந்திலோ பாறை இடுக்கிலோ குடியிருக்கும். மலைத் தேனீ பெரும்பாறையில் தொங்கும். மேயப் புல்வெளிக்கு வரும். வீடு ஓரிடம், அடுப்படி ஓரிடம். குறிஞ்சி பூக்கிற ஆண்டைத்தான் ஊரே பேசும். கடைசியாகப் பெரிதாகப் பூத்தது 2018-இல். குறிஞ்சி பூக்காத பதினோரு ஆண்டும் தேனீ என்ன சாப்பிடுகிறது என்று எந்தச் சுற்றுலாப் பேருந்தும் நின்று கேட்டதில்லை. புல்லுக்குள் ஒளிந்திருக்கிற சின்னச் சின்னப் பூக்கள்தான் அதற்குப் பதில்.

ஒன்றே ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஆஸ்பெக்கியா என்று தாவரவியலார் பெயர் வைத்த ஊதாப்பூப் புதர் ஒன்று இந்த மலைகளில் உண்டு. பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் மூடிய குழாய்களுக்குள், நுனியில் ஊசித்துளை. உப்புச் சீசாவைக் குலுக்குவதுபோலக் குலுக்கினால்தான் கொட்டும். கத்தரிப் பூவும் இதே ஜாதி. அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்குத் தெரியும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிடும். பக்கத்தில் நின்றால் குரல் மாறுவது கேட்கும். பறக்கும்போது ஒரு சுதி, பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று இன்னும் உயர்ந்த சுதி.

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிப் பக்கம், தேயிலைக்கும் மிச்சமிருந்த ஒரு துண்டுப் புல்வெளிக்கும் நடுவில், அப்படி ஒரு புதருக்கு எதிரே காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதர் நிறையப் பூ. வெகு நேரத்துக்கு ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரே ஒரு கருவண்டு வந்தது. பூவுக்குப் பூ அந்த உயர்ந்த சுதி. வயிற்றில் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு கிளம்பியதும் நானும் எழுந்து பின்னால் நடந்தேன். இந்த வயதில் கருவண்டைத் துரத்துகிறேனே என்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நல்லவேளை, அது தூரம் போகவில்லை. தோட்டத்து வேலியில் மக்கிப்போன ஒரு மரக்கம்பம். அதில் சுண்டுவிரல் நுழைகிற அளவில், கம்பாஸ் வைத்து வரைந்ததுபோல வட்டமாக ஓர் ஓட்டை. கீழே புல்லின்மேல் கொஞ்சம் மரத்தூள். உள்ளே போய்விட்டது. அந்தப் புதர் முழுக்க விதை பிடிப்பது அந்த ஒரு கம்பத்தை நம்பித்தான் இருந்ததோ என்னவோ.

மறு வருஷம் போனேன். புதர் இருந்தது, பூவும் இருந்தது. வேலியை மாற்றி, வரிசையாகக் கான்கிரீட் தூண் நட்டிருந்தார்கள்.